இழுப்பது இருக்கட்டும், நிற்குமா?

ஆரணியில் பிக்கப் வாங்கக் கிளம்புகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "பட்டா, அரிசியா?" என்றுதான். ஊரின் இரண்டு பிழைப்பும் ஒரே மாதிரி வண்டியில்தான் ஏறுகின்றன. ஆனால் இரண்டுக்கும் தேவைப்படும் வண்டி வேறு. பட்டுப்புடவை, ஜரிகையைப் பொறுத்து, அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். முந்நூறு புடவையை அட்டைப் பெட்டியோடு அடுக்கினாலும் அரை டன் வராது. சரக்கின் விலை மட்டும் பல லட்சம். அதற்கு 2005-ல் வந்த 'குட்டி யானை' மினி லாரியே தாராளம். இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம் என்றுதான் அது அறிமுகமானது. மழைத்தண்ணீர் இறங்காத மூடிய பாடியும் நல்ல பூட்டும் இருந்தால் பட்டு வியாபாரி நிம்மதியாகத் தூங்கலாம்.

அரிசிக்காரரால் தூங்க முடியாது. களத்திலிருந்து ஆலைக்கு வரும் நெல், ஆலையிலிருந்து வெளியே போகும் அரிசி, தவிடு எல்லாமே எடை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் சந்தையில் 26 கிலோ மூட்டை முளைத்தது நினைவிருக்கும். ஒன்றரை டன் ஏற்றலாம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும் பிக்கப்பில் அந்த மூட்டை 57 ஏறலாம். 75 கிலோ நெல் மூட்டை என்றால் 20. ஓட்டுநர், இரண்டு லோடுமேன், தார்ப்பாய், கயிறு என்று கணக்குப் போட்டால் இன்னொரு இருநூறு கிலோ. நியாயப்படி அதற்காக இரண்டு மூன்று நெல் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். யாரும் வைப்பதில்லை. இருபது ஏற வேண்டிய இடத்தில் முப்பதும் நாற்பதும் ஏறுகின்றன. கேட்டால், "ஒண்ணும் ஆவாதுணா, வண்டி இழுக்கும்!"

இழுக்கும், சந்தேகமே இல்லை. இன்றைய டீசல் எஞ்சின்கள் அதற்கென்றே செய்தவை. பிக்கப் வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த இழுவையிலேயே மயங்கிவிடுகிறார்கள் என்பதுதான் கவலை.

இந்த மயக்கம் உள்ளூர்ச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்க, ஆஸ்திரேலிய பிக்கப் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை நிறப் படகு ஒன்றை டிரெய்லரில் கட்டி, ஏரிக்கரைச் சரிவில் அலட்டிக்கொள்ளாமல் மேலே இழுத்துக்கொண்டு வரும். "மூன்றரை டன் இழுக்கும்" என்று குரல் வேறு. நம் பக்கம் படகு தரைவழியாகத் தூரம் போவதென்றால் லாரி மேல்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றித்தான் சென்னைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2018-ல் கேரளத்திலும் அப்படியே. பிக்கப்பின் பின்னால் கட்டி இழுக்கும் பழக்கம் நமக்கு இல்லாததால், அந்த மூன்றரை டன் வாசகத்தின் பாதிதான் ஆரணிக்கு வந்து சேருகிறது.

மிச்சப் பாதி இதுதான்: அந்த எடை, தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதன் சக்கரத்திலேயே பிரேக் இருக்க வேண்டும். இரண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் இருக்க வேண்டும். அதோடு, கொக்கி கழன்று டிரெய்லர் தனியாக ஓடினால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் கட்டாயம். ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் ஒரு குறிப்பிட்ட பங்கு வண்டியின் கொக்கி மேல் அழுத்த வேண்டும் என்று வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். மிஞ்சினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் தரையில் சரியாகப் பதியாது.

இந்த இரண்டாவது கோளாறுக்குப் படகே வேண்டாம். நெல் மூட்டையைப் பின்கதவுக்கு வெளியே வரை சாய்த்து அடுக்கினால் போதும். முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்ததும் ஸ்டீயரிங் லேசாகிவிடும். "பூ மாதிரி திரும்புது" என்று ஓட்டுகிறவர் சந்தோஷப்படுவார். அந்த நேரத்தில் வளைவிலும் பிரேக்கிலும் முன்சக்கரத்தின் பிடி குறைந்திருக்கும்.

பிரேக்குக்கு வருவோம். ஒன்றரை டன் வண்டி, ஒன்றரை டன் சரக்கு, ஆக மூன்று டன்னை நிறுத்துவதற்காகச் செய்த பிரேக் அது. சரக்கை இரட்டிப்பாக்கினால் மொத்தம் நாலரை டன். அதே வேகத்தில் ஒன்றரை மடங்கு ஆற்றலை அதே டிரம்மும் டிஸ்க்கும் சூடாக்கித் தீர்க்க வேண்டும். வேகம் இன்னும் மோசமான கணக்கு. நாற்பதில் போகும் வண்டியை அறுபதுக்குக் கொண்டுபோனால், பிரேக் மிதித்த பிறகு ஓடும் தூரம் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. எஞ்சினின் குதிரைத்திறன் இங்கே ஒரு குன்றிமணி அளவுகூட உதவாது.

ஓவர்லோடு வண்டிக்கு நம் பட்டறைகளில் இருக்கும் ஒரே வைத்தியம், பின்னால் கூடுதல் பட்டை போடுவது. லீஃப் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டை ஏற்றினால் வண்டி அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். பல பிக்கப்களில் பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியும் வால்வும் இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது கம்பி நகரும். வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும், பின்சக்கரம் இறுகி வழுக்காமல் இருக்க. கூடுதல் பட்டை போட்ட வண்டி மூன்று டன் ஏற்றினாலும் அமுங்காது. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்றுதான். பாரம் அதிகமான நேரத்தில் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும். பட்டை போட்டதோடு அந்த வால்வையும் திருத்தி அமைக்க வேண்டும். பெரும்பாலும் பட்டையோடு வேலை முடிந்துவிடுகிறது.

டயரும் இதே கதை. பக்கச் சுவரில் 106/104 போன்ற எண் இருக்கும். 106 என்றால் ஒரு டயர் தாங்குவது 950 கிலோ. பின்னால் இரண்டு டயர் உள்ள வண்டியில் பின்னச்சு மொத்தம் தாங்குவது 1,900 கிலோ. அதில் வண்டியின் சொந்த எடையும் அடக்கம். பட்டையை மாற்றலாம், அந்த எண் மாறாது.

சமவெளியில் இதெல்லாம் வெளியே தெரியாது. செய்யாறு, வந்தவாசி, வேலூர் என்று நம் சாலைகள் தட்டையானவை. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையிறங்கும்போதுதான் வண்டியின் சாயம் வெளுக்கும். டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இறங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் பிடிமானம் போய்விடுவதால் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுகிற மகானுபாவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டருக்கு எஞ்சின் ஓடினால்தான் வேக்குவம். அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அது மிஞ்சும். அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கூடவே கைவிடும்.

ஆர்.சி.யில் உள்ளபடி ஏற்றினால் வாடகை கட்டுப்படியாகாது, தவணை யார் கட்டுவது என்று வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடவே அதிகச் சரக்கை இறக்கும் செலவு. ஒரு முறை பிடிபட்டால் எத்தனை நடையின் லாபம் போகும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

எனக்குப் பயம் அபராதத்தைப் பற்றி அல்ல. மொத்த எடை 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை, சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஏராளமான ஓட்டுநர்களின் வயிற்றில் பால் வார்த்த தீர்ப்பு; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காரில் பழகிய இருபது வயதுப் பையனுக்கு, நாலரை டன் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று எங்கே, யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நம் ஊரில் நிஜமாகவே பின்னால் கட்டி இழுக்கும் வண்டி ஒன்று உண்டு: கரும்பு ஏற்றிய டிராக்டர். அந்த டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. இழுக்கும் டிராக்டர்தான் இரண்டுக்கும் சேர்த்து நிற்க வேண்டும். பின்விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம். கரும்பு வெட்டும் காலத்தில், இரவு அந்தச் சாலையில் அதன் பின்னாலேயே வருவது நம் முப்பது மூட்டை பிக்கப். முன்னால் பிரேக் இல்லாத பாரம், பின்னால் பிரேக் போதாத பாரம். 750 கிலோவுக்கே தனி பிரேக் கேட்கும் ஊர்க்காரர் யாராவது இதைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு விடியும்வரை கிளம்பமாட்டார்.

ஆகவே அரிசிக்கு வண்டி பார்க்கிறவர்கள், உண்மையில் ஏற்றப்போகும் எடையை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு டன் என்றால் இரண்டு டன்னுக்கான வண்டியையே வாங்குங்கள். ஒன்றரை டன் வண்டியை வாங்கிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். ஏ.பி.எஸ். உள்ளதா என்று கேளுங்கள். கூண்டு பாடி கட்டினால் அந்த இரும்பின் எடை சரக்கிலிருந்துதான் கழியும், அதையும் கேளுங்கள்.

பழைய வண்டியென்றால் பெயின்டைப் பார்க்காமல் கீழே குனியுங்கள். பின் ஸ்பிரிங்கில் பட்டைகளை எண்ணுங்கள். மற்றவை துருவேறியிருக்க ஒன்று மட்டும் பளபளத்தால், அந்த வண்டி என்ன சுமந்தது என்று விற்பவரைக் கேட்கவே வேண்டாம். வால்வுக் கம்பி இருக்கிறதா, அல்லது கழற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. ஆர்.சி.யில் உள்ள முழு பாரத்தை ஏற்றி, எடைமேடையில் சீட்டு வாங்கி, ஆளில்லாத சாலையில் நாற்பதில் போய் பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, மிதி கீழே போகிறதா, புகை நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டிக்குப் போங்கள். பழைய பிக்கப்புக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.