கடைசி பெஞ்சில் ஓர் ஆள்

1991ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு, சாப்பாட்டு மணிக்குப் பிந்திய முதல் பீரியட். பி.எட். படிக்கும்போது நான் எடுத்த மூன்றாவதோ நான்காவதோ பாடம். தலைப்பு, மனித இதயம். ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்து போஸ்டர் கலரில் வரைந்த சார்ட்டை மாட்டிவிட்டு, "இது வலது வெண்ட்ரிக்கிள்" என்று குச்சியால் தொட்டேன். இரண்டாம் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், வலதுன்னு சொல்லிட்டு இடது பக்கம் காட்டுறீங்களே?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் தெரியவில்லை. படத்தில் இருக்கிற ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறான், அவனுக்கு வலது நமக்கு இடது என்று ஏதோ குழறினேன். வகுப்பு சிரித்தது. மிச்சப் பாடத்தைப் பிள்ளைகள் பக்கமே திரும்பாமல் சார்ட்டிடம் ஒப்பித்து முடித்தேன்.

கடைசி பெஞ்சில் பையன்களோடு பையனாக, கால் நீட்ட இடமில்லாமல் எங்கள் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் பாடக்குறிப்பு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு உங்கள் எதிரே நிறுத்தி வலது கையைத் தூக்கச் சொல்லியிருக்கலாமே என்று. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இதயப் பாடம் வரும்போதெல்லாம் ஒரு பையனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் காலத்து ஆசிரியர் பயிற்சி பொற்காலம் என்று சொல்லவரவில்லை. பி.எட். அப்போது ஒரே வருடம். அதில் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிற்பது நாற்பது நாள். அதற்கு முன் மைக்ரோ டீச்சிங் என்று ஒரு கூத்து. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி இங்கே வந்த முறை அது. ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்துக் கேட்பு, பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி எழுதி, மறுபடி ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து. மொத்தம் 36 நிமிடம். மாணவர்களாக நடிக்க எங்கள் வகுப்பு ஆட்களே. முப்பது வயதில் பி.எட். படிக்க வந்த, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஓர் அக்கா ஆறாம் வகுப்பு மாணவியாகி, "டீச்சர், எனக்குப் புரியலை டீச்சர்" என்று கொஞ்சுவார். வினா கேட்டல் ஒருநாள், வலுவூட்டல் ஒருநாள், கரும்பலகையைப் பயன்படுத்துதல் ஒருநாள் என்று கற்பித்தலைக் கூறுபோட்டுப் பழகினோம். நிஜ வகுப்பில் இவை தனித்தனியாக வருவதில்லை என்பது முதல்நாளே தெரிந்துவிட்டது.

அப்புறம் கமிஷன். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் குழுவுக்கு எங்கள் வாய்வழக்கில் அதுதான் பெயர். கமிஷனுக்கு முந்தைய வாரம் விடுதியில் யாரும் தூங்கியதில்லை. சார்ட், மாடல், ஃபிளாஷ் கார்டு, ரெக்கார்டு நோட்டு எல்லாம் மலைபோலக் குவியும். வரையத் தெரியாதவர்கள் காசு கொடுத்து ஆர்ட்டிஸ்டிடம் வரைந்து வாங்கினார்கள். முந்தைய வருடத்து அக்காக்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதாதவர் யாராவது இருந்தால் அவர் மகாத்மா. வகுப்பில் பிள்ளைகளோடு ஓர் ஒப்பந்தமும் உண்டு. பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. எல்லாக் கைகளும் உயரும், நாங்கள் வலது கைகளை மட்டும் எழுப்புவோம். தேர்வாளர்களும் ஒரு காலத்தில் இதே தந்திரத்தைச் செய்தவர்கள்தான் என்பதால் தலையாட்டிவிட்டு மதிப்பெண் போட்டார்கள். பிள்ளைகள் எங்களுக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. "டிரெயினிங் டீச்சர் பாவம்" என்று ரகளை பண்ணுகிறவனை அவர்களே அடக்குவார்கள்.

சொல்லிக்கொடுத்துப் பழகிச் சொல்லிக்கொடுப்பவனாவது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்ற பெரிய பையன் சின்னப் பையன்களுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டினான். வாத்தியார் திண்ணையின் மறுகோடியில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மணலில் எழுதும் அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் தாம் நடத்திய ராணுவ ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே மெட்ராஸ் முறை. பிறகு 1856இல் சென்னையில் நார்மல் பள்ளி வந்தது. அது வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. பயிற்சிக்கு வருபவர்கள் பாடம் எடுத்துப் பழக, பக்கத்திலேயே மாதிரிப் பள்ளி. எந்த ஏற்பாட்டிலும் புதிதாக எடுப்பவரைப் பார்க்க, கேட்க, பழகிய ஓர் ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

இப்போது நான் பெஞ்சின் இந்தப் பக்கம் இருக்கிறேன். விழுப்புரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பி.எட். பிள்ளைகளுக்கு 'கைடு டீச்சர்'. 2014ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிமுறைப்படி, 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடம். பள்ளியில் இருக்கவேண்டிய காலம் இருபது வாரம். அதில் பதினாறு வாரம் இரண்டாம் வருடத்தில் ஒரே மூச்சாக. காகிதத்தில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாற்பது நாளில் பிள்ளைகளின் பெயர்கூட மனசில் நிற்காது. நான்கு மாதமென்றால் ஒரு பாடத்தைத் தொடங்கி, தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்தி, எங்கே சறுக்கினோம் என்று பார்த்துத் திரும்ப எடுக்கலாம். திட்டம் போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டார்கள்.

நடப்பது வேறு. பயிற்சிப் பிள்ளைகள் வந்து சேர்ந்த அன்றே தலைமையாசிரியர் அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். கணக்குக்கு ஆள் இல்லையா, இந்தப் பெண்ணைப் போடு. இன்றைக்கு இரண்டு பேர் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார்களா, அந்தப் பையனை எட்டாம் வகுப்பில் உட்காரச் சொல். கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டுமா, சின்னப்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வருமே. நானும் இதைச் செய்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் மறுப்பது கஷ்டம். ஆனால் பதினாறு வாரம் முடிந்து கணக்குப் பார்த்தால், அந்தப் பெண் நூற்றுக்கும் மேற்பட்ட பீரியட் எடுத்திருப்பாள், பின்னால் உட்கார்ந்து ஒருவர் முழுதாகப் பார்த்தது மூன்றோ நான்கோ தேறும்.

கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வருவதுண்டு. முன்பு விரல்விட்டு எண்ணும்படி இருந்த கல்வியியல் கல்லூரிகள் இன்று மாநிலத்தில் அறுநூறுக்கு மேல். 2008இல் இவற்றுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ஒரு விரிவுரையாளர் பத்துப் பதினைந்து பள்ளிகளைச் சுற்றவேண்டியிருக்கிறது. வருவார், கையெழுத்துப் போடுவார், பிள்ளைகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். இடமும் நேரமும் பதிந்த போட்டோ வேண்டுமாம், ஜியோ டேக். மாணவியின் கையில் இருக்கிற பாடக்குறிப்பை அவர் புரட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, மதியத்துக்குள் இன்னும் இரண்டு பள்ளிகள் பாக்கி. வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்கும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். 'நான்-அட்டெண்டிங்' என்று அதற்கு நாகரிகப் பெயர்கூட வைத்தாயிற்று. அப்படி வந்தவர் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதிப்பது வேலைக்குச் சேரும் அன்றுதான்.

வகுப்பறையும் அதே வகுப்பறையாக இல்லை. எங்கள் காலத்தில் கமிஷனுக்கு வந்தவர் முதலில் பார்ப்பது கரும்பலகையை எத்தனை பாகமாகப் பிரித்திருக்கிறோம், தேதி எங்கே, தலைப்பு எங்கே என்பதை. 2007-08இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆசிரியர் தரையில் இறங்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் கற்றல் ஏணியில் தங்கள் படியைப் பார்த்து அட்டையைத் தேடி எடுத்து, சுவரோரத்தில் அவரவர் உயரத்துக்கு இருந்த பலகையில் எழுதினார்கள். அப்போது இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், "எங்கே நின்னு பாடம் எடுக்கிறது டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் நோட்டில் இருந்த பாடத்திட்டம் முழுக்க நிற்கும் ஆசிரியருக்காக எழுதப்பட்டது. இப்போது ஒன்று முதல் ஐந்து வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம். ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள். உயர்வகுப்புகளில் பாடநூலில் க்யூஆர் கோடு, சுவரில் ஸ்மார்ட் போர்டு. இதயம் அதில் முப்பரிமாணத்தில் துடிக்கிறது, சார்ட்டுக்கு ராத்திரி விழிக்கவேண்டியதில்லை. பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் அடங்காவிட்டால் பக்கத்து வகுப்பு சார் பிரம்போடு எட்டிப்பார்ப்பார், அந்தப் பிரம்பையும் கல்வி உரிமைச் சட்டம் எடுத்துவிட்டது. எடுத்தது சரி. பிரம்பு இல்லாமல் நாற்பது பேரை எப்படி உட்காரவைப்பது என்பதைத்தான் பக்கத்தில் இருந்து யாராவது காட்டவேண்டும், அது வீடியோவில் வராது.

2023இல் ஒரு வேடிக்கை நடந்தது. எண்ணும் எழுத்தும் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட பி.எட். மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்ப முடிவானது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. கற்றுக்கொள்ள வந்தவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, இருபது வருடம் எடுத்தவரைப் பற்றிக் குறிப்பெழுதச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல்தான் இரக்கம் வந்தது. தங்கள் வகுப்பை யாருமே வந்து பார்க்காதவர்கள், அடுத்தவர் வகுப்பில் எதைப் பார்ப்பார்கள்?

நல்ல களப்பயிற்சி இந்தப் பத்து வருடத்தில் எங்கே கிடைத்தது என்று கேட்டால், நான் இல்லம் தேடிக் கல்வியைச் சொல்வேன். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து மரக்காணம் பக்கம்தான் தொடங்கிவைத்தார்கள். பள்ளி விட்டபின் மாலையில், கோயில் திண்ணையிலோ வீட்டு வாசலிலோ இருபது பிள்ளைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். பி.எட். முடித்து வீட்டில் இருந்த எங்கள் பழைய மாணவிகள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னாள், "மேடம், காலேஜுல கத்துக்காததை அம்மாமார் கத்துக்கொடுத்துட்டாங்க. பின்னாடி உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டே, 'ஏம்மா, எம்புள்ளைக்கு அது புரியலை, இன்னொருவாட்டி சொல்லு'ம்பாங்க." அவளுக்குக் கடைசி பெஞ்சு கிடைத்துவிட்டது, பூக்கூடையோடு.

வேலை வாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. நாங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதிவு மூப்புக்குக் காத்திருந்தோம். இன்று தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பையில் பாடக்குறிப்போடு தகுதித் தேர்வு கைடும் இருக்கிறது. ஓய்வு பீரியடில் விரிவது கைடுதான். 2025இல் வந்த வரைவு விதிமுறையோ நான்கு வருடப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஒருவருட பி.எட்.டை மறுபடி கொண்டுவரப் பேசுகிறது. சுற்றிச்சுற்றி என் காலத்துக்கே வந்து நிற்கிறோம்.

போன வாரம் என்னிடம் பயிற்சியில் இருக்கிற பெண் வந்து தயங்கி நின்றாள். சேலைக்குமேல் கல்லூரி கோட்டு, கையில் செம்பருத்தி இலைகள். "ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை எடுக்கிறேன் மேடம். முழுசா உட்கார்ந்து பாக்கிறீங்களா?" வந்து ஒன்பது வாரத்தில் அவள் கேட்ட முதல் உதவி. போய் உட்கார்ந்தேன். குரல் நன்றாக இருந்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது, அது எனக்கே நாற்பது வயதில்தான் வந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும், அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. ஏதோ பட்டியல், பன்னிரண்டு மணிக்குள் ஏற்றவேண்டுமாம். எழுந்து போனேன். வாசல் தாண்டும்போது அவள் குரல் ஒரு நொடி இறங்கியது, காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. தாழ்வாரத்தில் நின்றிருந்தாள்.

"நீங்க போனப்புறம் ஒரு பையன் கேட்டுட்டான் மேடம். பச்சையம் இருந்தாத்தான் இலை சாப்பாடு செய்யும்னா, எங்க வீட்டுச் செவப்புக் கீரை பட்டினியா கெடக்குதான்னு."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்குச் சொல்றேன்னுட்டேன். வகுப்பே சிரிச்சிருச்சு."

அவள் நோட்டை வாங்கினேன். குறிப்புக் கட்டத்தில் பாதி காலி. பார்த்த இருபது நிமிடத்துக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டு, கீழே எழுதினேன்: "நாளை சந்தையில் ஒரு கட்டு சிவப்புத் தண்டுக்கீரை வாங்கி வரவும். சத்துணவுக்கூடத்தில் வெந்நீர் கேட்டு, அந்தப் பையனையே இலையைப் போடச் சொல்லவும். சிவப்பு தண்ணீரில் இறங்கட்டும், மிஞ்சும் நிறம் என்னவென்று அவன் சொல்லட்டும்."

"நாளைக்கும் உட்காருவீங்களா மேடம்?"

"எத்தனாவது பீரியட்?"

"ரெண்டாவது."

தலைமையாசிரியர் அறைக்குப் போய், நாளை இரண்டாவது பீரியடில் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "பார்க்கலாம்" என்றார்.