நோய் தணிந்தது, மருந்து முடியவில்லை

வீட்டில் ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய். ஏறத்தாழ ஒரு மாத காலத் தீவிர சிகிச்சைக்குப் பின், "ரெமிஷன் வந்துவிட்டது" என்கிறார் மருத்துவர். தாயின் கண்கள் நிறைகின்றன. உறவினர் திரண்டு வருகின்றனர். மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அச்சொல்லின் பொருளைச் சரிவர உணராவிட்டால், அம்மகிழ்ச்சியே ஆபத்துக்கு வாயிலாகிவிடும் என்பதை வாசக சகோதர சகோதரிகள் அறிந்திருத்தல் அவசியம்.

ரெமிஷன் என்பதை 'நோய்த் தணிவு' எனலாம். இந்நோய் கண்டறியப்படும் வேளையில் உடலில் சுமார் 1 லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். சிகிச்சைக்குப் பின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, முதிராத அணுக்கள் 100க்கு 5க்கும் குறைவாக இருந்து, இரத்த அணுக்களும் இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தால், அதுவே முழுத் தணிவு. அப்போதும் கண்ணுக்குப் புலப்படாமல் பல நூறு கோடி புற்றணுக்கள் எஞ்சியிருக்கலாம். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் இது.

இவ்வுண்மையை வரலாறும் உணர்த்துகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தென்பட்டது. 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகத் தணிவு' என்றுதான் குறிப்பிட்டார். நோய் மீண்டும் திரும்பியது. அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

தற்காலிகத் தணிவை நிலையான குணமாக மாற்றியது எது? பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும், தணிவுக்குப் பின்னரும் சிகிச்சையைத் தொடர்ந்ததுமே. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் 'லிம்போபிளாஸ்டிக்' வகை இரத்தப் புற்றுநோயில், மொத்த சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கிறது. அதன் இறுதிக் கட்டத்தில் மெர்காப்டோபியூரின் நாள்தோறும், மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை என்பதே பொதுவான முறை. இவ்விதம் முழுச் சிகிச்சை பெறும் வசதி படைத்த நாடுகளில், இன்று 100 குழந்தைகளுள் ஏறத்தாழ 90 பேர் பிழைத்து வாழ்கின்றனர்.

குழந்தை ஓடியாடுகிறது, முடி முளைத்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று எண்ணாதீர்கள். "பச்சிலை வைத்தியம் பார்த்தால் போதும்" என்று அக்கறையுடன் கூறும் உறவினருக்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருமுறை தரவேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் தந்துவிடுவதும் உயிருக்கே ஆபத்தாகும். நாட்காட்டியில் குறித்து வைத்துக் கொடுங்கள். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். தட்டம்மை, சின்னம்மை கண்டவர்களிடமிருந்து குழந்தையை விலக்கி வையுங்கள்.

கட்டிகளாக வரும் புற்றுநோயிலும் இதே நியதிதான். படங்களில் கட்டி தெரியாவிடில் முழுத் தணிவு. ஓரளவு சுருங்கியிருந்தால் பகுதித் தணிவு. சிலவகை மார்பகப் புற்றுநோய் பல்லாண்டுகள் கழித்தும் திரும்பக் கூடும். ஆதலால்தான் மருத்துவர்கள் 'குணம்' என்ற சொல்லை எளிதில் உதிர்ப்பதில்லை.

தணிவு என்பது பயணத்தின் முடிவன்று. கரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நற்செய்தி. கரை சேரும்வரை துடுப்பைக் கைவிடாதிருப்போமாக!