வாடகை சைக்கிளில் வந்த வீரர்

பெங்களூரு அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருக்களின் நடுவே, பிரேசில் ஆட்டக்காரர் பெலேயின் சிலை நிற்கிறது. காலையிலும் மாலையிலும் அங்கே பையன்கள் பந்து உதைக்காத நாள் கிடையாது.

அந்தப் பகுதியிலிருந்து வேலைக்கு வரும் ரயில்வே கலாசி ஒருவர் சென்ற மாதம் என் மேசை முன் வந்து நின்றார்.

"சார், பையன் பந்து பந்துன்னே கெடக்கிறான். கல்கத்தாவுல ஒரு கிளப்புல தேர்வு வைக்கிறாங்களாம். அனுப்பட்டுமா, இல்ல ஐ.டி.ஐ.யில சேத்து விட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரை உட்கார வைத்து துளசிதாஸ் பலராமின் கதையைச் சொன்னேன். நம்மைப் போலவே வெளி மாநிலத்தில் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை அவர்.

பழைய பூட்ஸ்

தெலங்கானாவில் செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற ஊர். அங்கே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் பலராம். ஏழ்மையான குடும்பம். பூட்ஸ் வாங்கக் காசில்லை. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸ் தோலில் செருப்புத் தைப்பவர் ஒருவர் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஆடினார் என்று சொல்வார்கள்.

அவருடைய ஆட்டம் சையத் அப்துல் ரஹீமின் கண்ணில் பட்டது. ஐதராபாத் போலீஸ் அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சி கொடுத்த பெரியவர் ரஹீம். ஐதராபாத்துக்கு வந்து பயிற்சியில் சேரச் சொன்னார். தினமும் வந்து போகப் பஸ்ஸுக்குக் காசில்லை என்றான் பையன். வாடகை சைக்கிளுக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்தார் ரஹீம். அந்தச் சைக்கிளில்தான் பலராம் பயிற்சிக்குப் போய் வந்தார்.

1956-ல் சந்தோஷ் கோப்பையை வென்ற ஐதராபாத் அணியில் அவர் இருந்தார். அதே ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்குப் போன இந்திய அணியிலும் இடம் கிடைத்தது. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் நாம் எட்டிய உயரம் அதுதான்.

கல்கத்தா அழைத்தது

அந்தக் காலத்தில் பந்தாட்டக்காரன் பெயர் வாங்க வேண்டுமானால் ஹௌரா வண்டி ஏற வேண்டும். நம் பெங்களூரிலிருந்தும் அப்படிப் போனவர்கள் உண்டு. தன்ராஜும் அகமது கானும் கிழக்கு வங்காள அணியின் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயரெடுத்த ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்களில் இருவர். 1957-ல் அதே கிழக்கு வங்காளக் கழகத்தில் போய்ச் சேர்ந்தார் பலராம்.

இடது பக்கம் அவருக்குப் பிடித்த இடம். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவார். தானும் கோல் போடுவார், கூட ஆடுபவருக்கும் வழி செய்து கொடுப்பார். 1961-ல் அணித் தலைவரானார். அந்த ஆண்டு கல்கத்தா லீக் பட்டம் கிழக்கு வங்காளத்துக்கு வந்தது. 23 கோல்கள் போட்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் மூவரையும் இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்றார்கள். பானர்ஜி கிழக்கு ரயில்வே அணியின் ஆட்டக்காரர் என்பதில் ரயில்வேக்காரர்களுக்கு இன்றும் பெருமை.

ரோமும் ஜகார்த்தாவும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர் பலராம். பெரு நாட்டிடம் 1-3 என்று தோற்றபோதும் நம் பக்கத்து கோல் அவருடையதே. அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவில்லை.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்ற ஆட்டங்களில் பலராம் கோல் போட்டார். செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கில் கூட்டம் முழுவதும் நமக்கு எதிராகக் கத்தியது. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட, இந்தியா 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

அந்த அணியில் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்று வேறு தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் அதன்பின் இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை.

ஆட்டம் நின்றது

அந்த ஆண்டே அர்ஜுனா விருது வந்தது. 1963-ல் பி.என்.ஆர். அணிக்கு மாறினார். அது இன்றைய தென்கிழக்கு ரயில்வேயின் அணி. பெரிய கழகங்களில் புகழ் உண்டு, கூட்டம் உண்டு. ரயில்வே அணி என்றால் பந்தோடு உத்தியோகமும் உண்டு.

ஆனால் நோய் முந்திக்கொண்டது. நுரையீரலைச் சுற்றிய உறையில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு வாங்காமல் ஓட முடியாதவன் முன்வரிசையில் எப்படி ஆடுவான்? முப்பது வயதுகூட ஆகுமுன் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அதே 1963-ல், ஜூன் மாதம், அவரைக் கண்டெடுத்த ரஹீமும் புற்றுநோயால் காலமானார்.

பிறகு பலராம் பயிற்சியாளரானார். கல்கத்தா மேயர் அணியின் இளைஞர்களுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தார். தன்னிடம் ரஹீம் காட்டிய அக்கறை அவருக்கு மறந்திருக்காது.

அவருடைய தோழர்கள் சுனிக்கும் பானர்ஜிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. திருமணம் செய்துகொள்ளாமல், ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தார். 2023 பிப்ரவரி 16-ந் தேதி காலமானார். ஜகார்த்தா தங்கத்தைச் சொல்லும் 'மைதான்' என்ற இந்திப் படம் 2024-ல் வெளிவந்தபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.

பிறந்தது தெலுங்கு மண். பேர் வாங்கியது வங்காளத்தில். வீட்டில் பேசியது தமிழ். பிழைக்கப் போனவன் பிள்ளையை எந்த ஊர் தன் பிள்ளை என்று சொல்லும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

கலாசியின் கேள்வி

கதையைக் கேட்டு முடித்த கலாசி, தங்கத்தைப் பற்றியோ விருதைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை.

"சீக்கு வந்து ஆட்டம் நின்னப்போ சோத்துக்கு என்ன சார் பண்ணுவாங்க, இந்த மாதிரி ஆளுங்க?" என்றார்.

மாதச் சம்பளத்தில் வாழ்கிற நமக்கெல்லாம் முதலில் வரும் கேள்வி அதுதான். காலில் இருக்கும் வித்தை எத்தனை நாள் கூட வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதனால்தான் ஆட்டக்காரர்கள் ரயில்வே, போலீஸ், வங்கி என்று அணி தேடிப் போனார்கள். இன்றும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே ஆள் எடுக்கிறது. அதற்கும் ஒரு படிப்பு கையில் இருக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுக்க ஒரு ரஹீம் எல்லாப் பையனுக்கும் கிடைத்துவிட மாட்டார், பெற்ற தகப்பன்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நேற்று வந்தார். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரச் சொன்னார். முடித்துக் கொடுத்ததும், தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். அவருக்கும் பையனுக்கும் ஹௌரா வரை பாஸ் வேண்டுமாம், போக வர.