கோடைக் கொல்லையும் ஐப்பசி அடுப்பும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெசவாளர் இல்லங்களில் தறிச் சத்தம் குறைந்துவிடுவது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை, நம் மாநிலத்தின் வடபகுதி நெசவுக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது; போட்டாலும் காயாது. குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். தாழ்ந்த மனைகளில் தண்ணீரே தேங்கி நிற்கும். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெய்த பெருமழையைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே மாதங்களில்தான் சந்தையில் காய்கறி விலையும் ஏறுகிறது. கூலி இறங்கும் காலமும் விலை ஏறும் காலமும் ஒன்றாக வந்து சேருகின்றன. சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போது, முன்பணமும் கைமாற்றும் எந்த மாதத்தில் மிகுகின்றன என்று நோக்குவது நம் வழக்கம். பேரேட்டைத் திறவாமல் வானத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம்.

இச்சங்கடத்திற்குப் பரிகாரங்கள் பல. சிக்கன நிதி அவற்றுள் ஒன்று. அது தனியே எழுதத்தக்க விஷயம். ஈண்டு நாம் சொல்லப் புகுவது, வீட்டின் பின்புறத்தில் கிடக்கும் இரண்டு மூன்று சென்ட் நிலத்தையும் சித்திரை வெயிலையும் பற்றி மட்டுமே. இவ்விரண்டும் ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை முழுவதும் தீர்த்துவிடும் என்று கூறினால் அது மிகையாகும். அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் கொல்லைத் தோட்டம் ஈடுகொடாது. ஆனால் மழைக்காலத்தில் அன்றாடம் ரொக்கமாகக் கையைவிட்டுப் போகும் கறிச்செலவைப் பெருமளவு தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. கடனில் பாதி அந்த அன்றாடச் சில்லறையிலிருந்தே முளைக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைக் கூறிவிடவேண்டும். பச்சைக் காயைப் பச்சையாக இருக்கும்போதே உண்பதுதான் தோட்டத்தின் முதற்பயன். சேமிப்பில் ஆர்வம் மிகுந்த சில இல்லங்களில், காய்த்ததையெல்லாம் வெயிலில் பரப்பிவிட்டுச் சித்திரையிலேயே சென்ற ஆண்டு வற்றலைக் குழம்பு வைப்பதைக் கண்டிருக்கிறோம். இது சிக்கனமன்று. காயிலுள்ள வைட்டமின் ‘ஸி’ சத்து வெயிலிலும் கொதிநீரிலும் பெரிதும் அழிந்துபோகிறது. ஆகவே குழந்தைகளின் பங்கு முதலில் செடியிலிருந்தே இலைக்கு வரவேண்டும். விடியற்காலையில் பறித்த பிஞ்சுக் கொத்தவரையைத் தேங்காய் தூவிப் பொரியல் செய்தால் அதன் சுவையே வேறு. சித்திரை முதல் நாளன்று வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்துச் செய்யும் மாங்காய்ப் பச்சடிக்கு நிகரான பண்டம் ஆண்டின் மற்ற நாட்களில் கிடைப்பதில்லை. வெள்ளரிப் பிஞ்சு, கீரைத்தண்டு ஆகியவை சேமிப்புக்கு உரியனவல்ல. அன்றன்றே உண்டு தீர்க்கவேண்டியவை. பிஞ்சை உண்க, உண்டு மிகுந்து, முற்றத் தொடங்கும் காயையே உலர்த்துக. நார் விட்ட காய் வற்றலுக்கும் உதவாது, அது மாட்டுக்கு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கணக்கில்லாமல் எழுதினால் நம் உத்தியோகத்திற்கு அழகன்று. கொத்தவரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு தண்ணீர். கத்தரியில் 90 பங்குக்கும் மேல். ஆதலின் ஒரு கிலோ கொத்தவரை உலர்ந்தால் சுமார் 200 கிராம் வற்றல் நிற்கும். ஒரு கிலோ கத்தரியில் நிற்பது 80 கிராமே. கோடை முழுவதிலும் உண்டது போக 4 கிலோ கொத்தவரையும் 4 கிலோ கத்தரியும் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வற்றலாக 800-உம் 320-உம் சேர்ந்து 1,120 கிராம் ஆகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஒரு வேளைக் குழம்புக்கு 28 கிராம் வற்றல் போதுமானது. ஆக, 40 நாட்களின் குழம்பு ஒரு சிறு பானைக்குள் அடங்கிவிடுகிறது! இதற்காகும் ரொக்கச் செலவு உப்பு ஒன்றுதான்.

செய்யாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த கார்த்திகை நாள். தறி நின்று பதினோரு நாட்களாகியிருந்தன. அடுப்பங்கரைப் பரணில் வரிசையாகப் பானைகளும் ஜாடிகளும் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துண்டுச்சீட்டு கட்டியிருந்தது. சேலைகளில் எண் எழுதிக் கட்டும் சீட்டின் மறுபக்கத்தில், பண்டத்தின் பெயரும் வெயிலில் வைத்த தேதியும் எழுதப்பட்டிருந்தன. பழையது முன்னும் புதியது பின்னுமாக அடுக்கியிருந்த ஒழுங்கைக் கண்டு, சில சங்கங்களின் சரக்கிருப்பு அறைகளை நினைத்துக்கொண்டோம்! அவ்வீட்டு அம்மையார், “சித்திரையில் போட்டு ஐப்பசியில் எடுக்கிறோம், ஐயா. உங்கள் சங்கத்தில் போட்டால் வட்டி ஏறும், இங்கே உறைப்பு ஏறும், அவ்வளவுதான்” என்றார். அந்தப் பதினோரு நாட்களில் அவர்கள் காய்கறிக்கென்று கடைக்குக் கடன் சொல்லவில்லை என்பதை விசாரித்து அறிந்தோம்.

உலர்த்தும் முறையில் நெசவாளருக்கு நாம் கற்பிக்கவேண்டியது அதிகமில்லை. எந்த வெயிலில் பாவு காயும், எந்தக் காற்றில் இழை முறுகும் என்று அறிந்தவர்கள் அவர்கள். எனினும் சில காரணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. கொத்தவரையை உப்பிட்ட கொதிநீரில் அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்துகிறோம். காயினுள் இயல்பாக உள்ள நொதிகள் அவ்வெந்நீரில் அடங்கிவிடுவதால் நிறமும் மணமும் கெடுவதில்லை. கத்தரியை நீளவாக்கில் நறுக்கியவுடன் உப்புநீரில் போடவேண்டும், காற்றுப்பட்டால் கறுத்துவிடும். காலை எட்டு மணிக்குமேல் வெயிலில் வைத்து, பொழுது சாயுமுன் உள்ளே கொண்டுவரவேண்டும். பகலெல்லாம் விட்ட ஈரத்தை இரவுப்பனியில் வற்றல் திரும்பவும் குடித்துவிடும். ஈயும் தூசியும் அணுகாவண்ணம் மெல்லிய துணியால் மூடவேண்டும். நைந்துபோன பழைய வேட்டி இதற்கு மிக உகந்தது. கையில் வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. சொடுக்கென்று ஒடிந்தால் போதும். ஒடியும் பதம் வந்தபின்னும் சூட்டோடு பானையில் கொட்டுதல் கூடாது. உள்ளே வியர்த்து, அந்த வியர்வையே பூஞ்சணத்திற்கு விதையாகும். ஆறவிட்டு மூடுக. அக்கினி நட்சத்திரம் எனப்படும் மே 4 முதல் 28 வரையுள்ள நாட்களில் நான்கைந்து வெயில் போதும். ஆனியில் வைத்தால் அதற்கு இருமடங்கு நாளாகும்.

மோர் மிளகாய்க்கு வேறு பக்குவம். குட்டையான, தோல் தடித்த மிளகாயைக் காம்பு போகாமல் எடுத்து, நுனியில் சிறிது கீறிவிடவேண்டும். கிலோவுக்கு 150 கிராம் அளவு கல்லுப்புச் சேர்த்த புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் எடுத்து உலர்த்தி, மாலையில் மீண்டும் அதே மோரில் போடவேண்டும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீரும்வரை இவ்வாறு செய்து, பின்பு நன்றாகக் காயவைக்கவேண்டும். சுண்டைக்காயையும் இலேசாக நசுக்கி இம்முறையிலேயே செய்யலாம். மோரின் புளிப்பு அதன் கசப்பை அடக்குகிறது. அவசரப்பட்டு ஒரே நாள் ஊறவைத்தவர்களின் மிளகாய் வெளியே உப்பும் உள்ளே வெறும் உறைப்புமாக இருக்கும்.

மாவடு கோடையின் முதல் விருந்தாளி. மாசி, பங்குனியில் காற்றுக்கு உதிரும் பிஞ்சுகளில் அடிபட்டவற்றை நீக்கி, காம்போடு கூடியவற்றைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் சிறிது தடவி, எடையில் ஐந்தில் ஒரு பங்கு கல்லுப்பும், கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் சேர்த்து ஜாடியில் இடுவர். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றவேண்டியதில்லை. உப்பே வடுவிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நாள்தோறும் குலுக்கிவர, ஒரு வாரம் பத்து நாட்களில் வடு சுருங்கித் தன் நீரிலேயே மிதக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளிப்புப் பண்டத்தை வைத்தல் ஆகாது; உலோகம் கரைந்து நஞ்சாகும். பீங்கான் ஜாடியோ கண்ணாடியோ வேண்டும். ஈரக்கையும் ஈர அகப்பையும் ஜாடிக்குப் பகை என்று பாட்டிமார் சொல்வதை இன்றைய விஞ்ஞானமும் மறுக்கவில்லை.

வெயிலில் வைக்கவே வேண்டாதவையும் உண்டு. நன்கு முற்றிய பூசணியையும் பறங்கியையும் காம்புடன் அறுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் உறியிலோ பலகையிலோ வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். வேம்பின் அடியில் பழந்துணி விரித்து வைத்தால் பூ தானே வந்து விழும். முருங்கைக் கீரையை நிழலிலேயே உலர்த்தவேண்டும். நேர் வெயில் அதன் ‘ஏ’ சத்தைக் கெடுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாக எழுதவேண்டியிருக்கிறது. பூஞ்சணம் பூத்த வற்றலைத் தட்டித் துடைத்து மறுபடி வெயிலில் வைத்து உபயோகிக்கும் வழக்கம் பல இல்லங்களில் உள்ளது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மாண்டன. அக்காரணத்தை ஆராய்ந்தபோதுதான் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. கல்லீரலைப் பாதிக்கும் அந்நஞ்சை உண்டாக்கும் பூஞ்சணம் சரிவரக் காயாத மிளகாயிலும் வேர்க்கடலையிலும் வளரக்கூடியது. பூஞ்சணத்தைத் துடைத்தாலும் நஞ்சு போகாது. சமையல் சூட்டிலும் அது முற்றாக அழிவதில்லை. உழைப்பு வீணாகிறதே என்று மனம் நோகும், நோகட்டும், எறிந்துவிடுக. மாட்டுக்கும் வைக்கவேண்டாம்.

விவசாய அங்கத்தினர்களின் நிலை சற்று வேறானது. அவர்களுடைய கவலை பற்றாக்குறையன்று, மிகுதி. கோடையில் தக்காளி விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாமல் வரப்பில் கொட்டப்படும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வண்டிக்கணக்கில் உள்ளதை வீட்டு முற்றத்தில் உலர்த்திக் காப்பாற்ற இயலாது. அதற்குச் சங்க அளவில் உலர்களமும் கூடாரமும் வேண்டும். ஆனால் வீட்டுக்கென்று 10 கிலோ தக்காளியை இரண்டாக அரிந்து, வெட்டுமுகம் மேல்நோக்க, உப்புத் தூவி உலர்த்தினால் 600 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். மழைக்காலத்தில் சாம்பாருக்கும் ரசத்திற்கும் இதுவே புளிப்புக்கு உதவும்.

உப்பைப்பற்றி ஒரு வார்த்தை. வயதுவந்தவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ளவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோர் மிளகாயையும் மாவடுவையும் அளவோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். வற்றலைக் குழம்பில் இடுமுன் வெந்நீரில் அலசினால் உப்பு ஓரளவு நீங்கும். குழம்புக்குத் தனி உப்பும் குறைத்தே போடலாம்.

இவ்வேலைகள் அனைத்தும் பெண்மக்கள் தலையிலேயே விழுகின்றன என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அடுப்பு, குழந்தைகள், தார் சுற்றுதல், இவற்றோடு வற்றலும் என்றால் சித்திரை வெயில் அவர்களுக்கு இருமடங்காகிறது. கூரைமேல் தட்டை ஏற்றவும் மாலையில் இறக்கவும் ஆடவர் கைகொடுத்தால் தறிவேலை ஒன்றும் கெட்டுவிடாது. சங்கமும் தன் பங்குக்குக் கல்லுப்பு, நல்லெண்ணெய், ஜாடி ஆகியவற்றைக் கோடைக்கு முன்பே மொத்தமாகக் கொள்முதல் செய்து, அங்கத்தினருக்கு அடக்கவிலையில் வழங்கலாம். பெரிய முதல் வேண்டியதில்லை.

மிஞ்சியதை விற்கலாமா என்று சிலர் நம்மைக் கேட்டதுண்டு. விற்கலாம். 1959-ஆம் ஆண்டில் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் அப்பளம் இடத் தொடங்கியதுதான் பின்னர் லிஜ்ஜத் என்னும் பெயரில் நாடெங்கும் பரவிய பெண்கள் ஸ்தாபனம். ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் சட்டம் உண்டு. ஊறுகாய் முதலியவற்றுக்கு முன்பு 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் உத்தரவு இருந்தது; இப்பொழுது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நடைமுறையிலுள்ளது. வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ளவேண்டும். நான்கைந்து இல்லத்தரசிகள் சேர்ந்து சங்கச் செயலாளரை அணுகினால் அவ்விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து கொடுப்பது அவருக்கு அரைமணி நேர வேலை.

கடைசியாக விதை. தை, மாசியில் ஊன்றிய கொத்தவரையில் நல்ல செடிகள் இரண்டைக் காய் பறிக்காமல் விட்டுவைத்து, செடியிலேயே முற்றி நெற்றாகிக் காயவிடவேண்டும். கத்தரியில் பழுத்து மஞ்சளான காயிலிருந்து விதையை அலசி எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைக்கலாம். இப்பானையையும் வற்றல் பானைகளுக்குப் பக்கத்தில், சீட்டுக் கட்டியே வைக்கவேண்டும். இல்லையேல் ஐப்பசியில் யாரேனும் எடுத்துத் தாளித்துவிடுவார்கள்.