பைக் முன்னால் டிக்கி வைக்கலாமா? ஃபேரிங் பெட்டியில் இவ்வளவு விஷயம் இருக்கு!

ஸ்கூட்டர் வைத்திருப்பவர் சீட்டைத் தூக்கி ரெயின்கோட், டிபன் பாக்ஸ், அரைக்கிலோ தக்காளி என எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பைக் வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம். டேங்க் மேல் ஒரு பை, ஹேண்டில்பாரில் இன்னொரு பை, பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் மூன்றாவது பை!

'முன்னால் காற்றைத் தடுக்க ஒரு ஃபேரிங் மாட்டுகிறோமே, அதையே பெட்டியாகவும் செய்தால் என்ன?' என்ற யோசனை பைக் பிரியர்களுக்கு அடிக்கடி வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால், தப்பான இடத்தில் மாட்டினால் வண்டி பேச்சைக் கேட்காது.

இந்த யோசனைக்கு அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிசைன் படித்த கிரெய்க் வெட்டர் என்ற இளைஞர், 1966-ல் ஃபேரிங் செய்து விற்க ஆரம்பித்தார். 1970-களில் அவர் கொண்டுவந்த 'விண்ட்ஜாமர்' அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிரபலமானது. கண்ணாடி, ஹெட்லைட், இரண்டு பக்கமும் சாமான் வைக்கக் குழிவான அறைகள் எல்லாம் ஒரே ஓட்டுக்குள் அடக்கம். கையுறை, மேப், சின்னச்சின்ன டூல்ஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன.

அதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. ஓடு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். அதைத் தாங்கும் இரும்பு பிராக்கெட் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். ஹோண்டாக்காரரும் கவாஸாகிக்காரரும் ஒரே ஓட்டை வாங்கினார்கள். கோல்டு விங் பைக் 1975 மாடலாக ஃபேரிங் இல்லாமல்தான் வந்தது. வாங்கிய பலர் வெளியே ஃபேரிங் வாங்கி மாட்டிக்கொண்டதைப் பார்த்த ஹோண்டா, 1980-ல் ஃபேரிங்கும் பெட்டிகளுமாக 'இன்டர்ஸ்டேட்' மாடலை ஃபேக்டரியிலிருந்தே அனுப்பியது. வெட்டரோ 1978-லேயே கம்பெனியை விற்றுவிட்டார். நேரம் பார்த்து விற்பதும் ஒரு டிசைன்தான் போல!

ஹேண்டில்பாரா... சேஸிஸா?

விண்ட்ஜாமர் ஹேண்டில்பாரில் தொங்கவில்லை. வண்டியின் ஃப்ரேமில், அதாவது நம் மெக்கானிக்குகள் 'சேஸிஸ்' என்று சொல்லும் எலும்புக்கூட்டில் போல்ட் போடப்பட்டிருந்தது. ஹேண்டிலைத் திருப்பினாலும் ஃபேரிங் திரும்பாது, ஹெட்லைட்டும் திரும்பாது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹேண்டில்பாரில் 3 கிலோ பை தொங்கினால், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த 3 கிலோவையும் கை சேர்த்தே திருப்ப வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் எடை எதிர்ப்பக்கம் ஆடும். வேகம் கூடும்போது காற்று பையைத் தள்ள, அந்த உதறல் நேராகக் கைக்கு வரும். அதே எடை சேஸிஸில், டேங்குக்கு இரு பக்கமும் தாழ்வாக இருந்தால் ஸ்டீயரிங்குக்கு அது பெரிதாகத் தெரியாது.

பெட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் தப்புக் கணக்கு. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும். அகலமான பெட்டி மைலேஜைத் தின்னும். பக்கக் காற்று அடித்தால் பாய்மரம்போல இழுக்கும். முன் சக்கரத்தையே மூடும் பெரிய ஃபேரிங்குகளை 1957 சீசனோடு உலகச் சாம்பியன்ஷிப் பந்தயங்களிலிருந்து விலக்கியதற்குப் பக்கக் காற்று ஆபத்தும் ஒரு காரணம். பந்தய வீரர்களுக்கே அந்தக் கதி என்றால், பாலத்தின் மேல் லாரியை ஓவர்டேக் செய்கிற நமக்கு?

நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இல்லினாய் குளிரில் மார்பில் காற்று படாமலிருப்பது சுகம். நம் ஏப்ரல் வெயிலில் அந்தக் காற்றுதான் ஓட்டுபவருக்கும் இன்ஜினுக்கும் ஃபேன். ஏர்-கூல்டு இன்ஜினை முன்னால் மறைத்தால் சூடு முழங்காலுக்கு வரும். எனவே, பெரிய ஓட்டைவிட டேங்க் ஓரத்தில் இரண்டு ஒல்லிப் பெட்டிகளே நமக்குப் பொருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆசைப்பட்டதையெல்லாம் மாட்டிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பின்பக்கப் பெட்டிக்கு 2020-ல் அளவு சொல்லியிருக்கிறார்கள்: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்டி பின் சீட்டில் உட்கார்ந்தால், ஆள் உட்கார முடியாது. முன்பக்கப் பெட்டி என்றால், டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது பர்ஸுக்கு நல்லது. பக்கவாட்டுப் பெட்டிக்காகப் பின் சக்கரத்தின் சேலை கார்டைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சட்டப்படி கட்டாயம் இருக்க வேண்டிய பாதுகாப்பு. அதைத் தொடவே வேண்டாம்.

அட்டையில் ஆரம்பியுங்கள்

ஃபைபர் பட்டறைக்குப் போகும் முன் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, டேப் போட்டு வண்டியில் ஒட்டிப் பாருங்கள். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி வரை திருப்ப வேண்டும். விரல்கள் எங்கும் இடிக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நன்றாக அமுக்கினாலும் மட்கார்டு முட்டக் கூடாது. இண்டிகேட்டர், ஹெட்லைட் மறையக் கூடாது. வண்டியில் உட்கார்ந்து முழங்கால் எங்கே வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். ஆனால், ரெசின் இறுகிய பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் செய்த ஓடே வீண்.

அட்டை சரியாக வந்தபின் அதைப் பார்த்து அச்சு, அச்சில் மெழுகு, அதன்மேல் ஃபைபர் மேட்டும் ரெசினும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை அவசியம். மூடி ஓடும்போது திறந்தாலும் ஹேண்டில் பக்கம் வராதபடி கீல் வையுங்கள். பிராக்கெட்டும் ஓடும் சேருமிடத்தில் ரப்பர் புஷ் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்விலேயே ஃபைபர் விரிசல் விடும். செல்போனை மட்டும் அதில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய பெட்டி அடுப்புக்குச் சமம்.

முதல் ஓட்டம் காலிப் பெட்டியோடு, ஆளில்லாத சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்துக்குள். அடுத்து இரண்டு பக்கமும் சம எடை வைத்து ஒரு ரவுண்டு. கைப்பிடியில் சின்ன உதறல் தெரிந்தாலும் பெட்டியைக் கழற்றிவிட்டு பிராக்கெட்டைப் பார்க்க வேண்டும். உதறல் இல்லையென்றாலும் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரோடு உட்கார்ந்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.