ஒரு ரூபாய்க்குக் கம்பெனி!

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. எல்லோரும் ஓசியில் யோசனை கேட்பார்கள். போன வாரம் வந்தவர் ஆபீஸ் நண்பர்.

"ஸார், மாமா தன்னோட ஜெராக்ஸ் கடையைச் சும்மாவே தர்றேங்கறார். மூணு லட்சம் கடன் இருக்காம். அதை நான் கட்டினா போதுமாம். வேலையை விட்டுடட்டுமா?"

'சும்மா' என்றதும் எனக்கு மலேசியாவின் டோனி பெர்னாண்டஸ் ஞாபகம் வந்தார். மியூசிக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். 2001-ல் ஏர் ஏசியாவை வாங்கினார். விலை? ஒரே ஒரு ரிங்கிட்! கூடவே இரண்டு விமானம், நாலு கோடி ரிங்கிட் கடன். நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு ஜனங்கள் விமானம் ஏறவே பயந்த நேரம். அதனாலேயே வாடகை விமானங்களும், அனுபவஸ்தர்களும் சல்லிசாகக் கிடைத்தார்கள்.

அடுத்ததுதான் சாமர்த்தியம். மலேசியக் கம்பெனி தாய்லாந்துக்குள் உள்ளூர் சர்வீஸ் ஓட்ட முடியாது. பாதிப் பங்குக்கு மேல் அந்த நாட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். '49 சதவிகிதம் எனக்கு, மிச்சம் உங்களுக்கு' என்று கூட்டுச் சேர்ந்தார். 2004-ல் தாய் ஏர் ஏசியா பறந்தது. இந்தோனேசியாவில் படுத்துக் கிடந்த 'ஆவேர்' கம்பெனியில் பங்கு வாங்கி, 2005-ல் போர்டை மாற்றினார். ஊருக்கு ஒரு முதலாளி, ஆனால் ஒரே பெயர், ஒரே சிவப்புப் பெயிண்ட்!

எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. ஜப்பானில் இரண்டு முறை ஆரம்பித்து, 2020-ல் மூட்டை கட்டினார்கள். இந்தியாவில் 2014-ல் டாடாவோடு கிளம்பியது, பிறகு முழுக்க டாடா பக்கம் போய், 2024-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கரைந்தது.

வாங்கியே கெட்ட கதையும் உண்டு. கேப்டன் கோபிநாத் 2003-ல் பறக்கவிட்ட ஏர் டெக்கானில் ('சூரரைப் போற்று' அவர் வாழ்க்கையைத் தழுவியதுதான்) 2007-ல் கிங்ஃபிஷர் குழுமம் பங்கு வாங்கியது. சொகுசுக் கம்பெனியும் சிக்கனக் கம்பெனியும் ஒரே வீட்டில் குடித்தனம்! கடன் மேல் கடன். 2012-ல் எல்லா விமானமும் நின்றது. மாசக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்தவர்கள், நம்மைப் போன்ற ஒண்ணாம் தேதிக்காரர்கள்.

"கடனை விடுங்க. மாமா ஏன் நஷ்டப்பட்டார்?"

"பக்கத்திலேயே ரெண்டு காலேஜ் ஸார். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஷட்டரை இறக்கிடுவார்."

"அப்ப கடை பிழைக்கும். முதல்ல கடன் பத்திரத்தைப் பாருங்க."

மூன்றாம் நாள் வந்தார். "கடன் மூணு இல்லை ஸார், அஞ்சு!"

"ஐயையோ! வேலையை விட்டுட்டீங்களா?"

"எதுக்கு? ஆபீஸ் முடிஞ்சு அஞ்சரைலேர்ந்து ஒன்பது வரை நான் கடையைப் பாத்துக்கறேன். 49 சதவிகிதம் எனக்கு, மிச்சமும் கடனும் மாமாவுக்குன்னு பேசிட்டேன்."

யோசனைக்கு ஃபீஸ் கேட்டேன். ஒரு ரூபாய் கொடுத்தார்.