ஒயினுக்கும் கறிக்கும் பொருத்தம் பார்த்த மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரி என்றதும் நம்மவர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது மிளகு மூட்டையும் சுக்கு மணமும்தான். பஜார் ரோடில் சுமை தூக்கியவர்களுக்கும் கிட்டங்கிகளில் கணக்கு எழுதியவர்களுக்கும் அந்த மணம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும். இதே வட்டாரத்தில், கடையில் விற்காத, பெயர்ச் சீட்டு ஒட்டாத இன்னொரு சரக்கும் தலைமுறை தலைமுறையாகத் தயாராகி வந்திருக்கிறது. அதுதான் வீட்டு ஒயின்.

ஒயின் என்றால் பெரிய ஓட்டல் சமாசாரம், துரைமார் விவகாரம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. கொச்சியில் அது அடுக்களைச் சமாசாரம். மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்திலேயே ஒயின் ஜாடியும் இருந்தது. யூதர் தெருவின் யூதக் குடும்பங்கள் ஒரு விதமாகவும், கொச்சியின் கிறிஸ்தவ, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வேறு விதமாகவும் அதைச் செய்தன. எந்த நாளில் ஊற்றுவது, எந்தக் கறியோடு பரிமாறுவது என்ற முறையும் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சேர்ந்தே வந்தது.

குடிப்பழக்கத்துக்குக் கொடி பிடிப்பது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. சம்பளக் கவரைச் சாராயக் கடையில் பிரித்துப் பார்ப்பவரின் குடிக்கும், பண்டிகை நாளில் ஒரு சிறு கோப்பையோடு எழுந்துவிடும் குடும்பத்தின் வழக்கத்துக்கும் வெகுதூரம். அந்த வழக்கத்தைப் பற்றியதே இது.

யவனர் காலத்திலிருந்தே

மலையாளக் கரைக்குத் திராட்சை மது புதிதல்ல. கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறித் துறைமுகத்துக்கு யவனக் கப்பல்கள் மிளகு வாங்க வந்தன. 2007-ல் தொடங்கிய பட்டணம் அகழாய்வில், ஒயினும் எண்ணெயும் கொண்டுவரப் பயன்பட்ட மத்தியதரைக்கடல் நாட்டு ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது. பாடியவர் நக்கீரர்.

ஆனால் மது வந்ததே தவிர, கொடி வந்து வேரூன்றவில்லை. திராட்சை பழுக்கும்போது மழை பெய்தால் காய் அழுகிவிடும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் கேரளக் கடற்கரை அதற்கு ஏற்ற மண் அல்ல. மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் அது செழித்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குமுளி வழியாக லாரியில் வரும் அந்தப் பழம் இன்று கேரளச் சந்தைகளில் சர்வ சாதாரணம்.

உலர்ந்த திராட்சையின் ரசம்

லாரி இல்லாத காலத்தில் மட்டாஞ்சேரி யூதர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு ஒயின் கட்டாயத் தேவை. வெள்ளிக்கிழமை மாலை ஓய்வு நாள் பிறக்கும்போது, வீட்டுத் தலைவர் ஒயின் கோப்பையைக் கையில் ஏந்திப் பிரார்த்தனை சொன்ன பிறகே சாப்பாடு. எகிப்திலிருந்து முன்னோர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகையில் ஆளுக்கு நான்கு கோப்பை. பந்தியில் 10 பேர் என்றால் ஓர் இரவுக்கு 40 கோப்பை. இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர்கள் அந்த விருந்தை இரண்டு இரவுகள் நடத்துவார்கள். ஆக 80 கோப்பை.

இதைக் கடையில் வாங்கவும் வழியில்லை. பிற சமயத்தார் கைபட்ட ஒயின் அவர்கள் சடங்குக்கு ஆகாது என்பது விதி. எனவே அவரவர் வீட்டிலேயே செய்தாக வேண்டும். பச்சைத் திராட்சை கிடைக்காவிட்டால் உலர் திராட்சையில் செய்யலாம் என்று அவர்களுடைய பழைய சமய நூலான தால்முத் இடம் கொடுத்திருந்தது. உலர் திராட்சையோ கப்பலில் வந்து இறங்கும் பண்டம், கெடாது. துறைமுகத்து ஊரில் அதற்குப் பஞ்சம் இல்லை.

செய்முறை எளிது. திராட்சையைக் கழுவி, நசுக்கி, தண்ணீரில் ஊறவைத்து அல்லது கொதிக்கவைத்து, துணியில் பிழிந்து வடிகட்ட வேண்டும். ஓரிரு நாளில் வடித்தால் போதை ஏறக்குறைய இராது, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். நாள்கணக்கில் விட்டால் புளித்து மதுவாகும். வெளிர் நிறத் திராட்சையாக இருந்தால் ரசம் தேன் நிறத்தில் இறங்கும்.

எளிய வேலைதான் என்றாலும் ஆசாரம் கடுமை. பாஸ்காவின்போது புளித்த மாவு ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக்கூடாது. மாதக்கணக்கில் முன்னதாகவே அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எடுப்பதும், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வதும், வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் மட்டாஞ்சேரி யூதர்களின் வழக்கமாக இருந்தன. நம் வீட்டில் போகிக்கு முன் நடக்கும் அமர்க்களத்தைப் பத்தால் பெருக்கினால் ஓரளவு புரியும்.

ஜாடிக்குள் நடப்பது என்ன?

கிறிஸ்தவக் குடும்பங்களின் முறை வேறு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பீங்கான் ஜாடி அலமாரியிலிருந்து இறங்கிவிடும். பழம், சர்க்கரை, கொதித்து ஆறிய நீர், கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஆகியவை சேரும். துணியால் வேடு கட்டி வைத்து, தினமும் மரக் கரண்டியால் கிளற வேண்டும். 21 நாளில் வடிகட்டி, தெளியவிட்டு ஊற்றுவது பல வீடுகளின் கணக்கு.

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, அதை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அந்த வாயு வெளியேற வழி இல்லாமல் போத்தலை இறுக்கி மூடினால் வெடித்துவிடும். காற்று அதிகம் பட்டாலோ மது புளித்துக் காடியாகிவிடும்.

சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் உள்ள வேற்றுமை தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டால் நிறமும் துவர்ப்பும் இறங்கும், அது சிவப்பு. சாற்றை மட்டும் பிழிந்தெடுத்துப் புளிக்கவைத்தால் வெள்ளை. பச்சைத் திராட்சையிலும் அன்னாசியிலும் செய்வது இந்த இனம். எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசி 2009-லேயே புவிசார் குறியீடு பெற்ற பழம். அதன் மணம் ஒயினிலும் நிற்கும்.

ருசி பார்ப்பது எப்படி?

டீ ருசி பார்ப்பவர்களுக்குக் கொச்சியில் தனி மதிப்பு உண்டு. ஒயினுக்கும் அதே கண், மூக்கு, நாக்குத்தான். முதலில் கண்ணாடிக் கோப்பையில் கால் பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை ஒயின் வைக்கோல் நிறத்திலோ தேன் நிறத்திலோ தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் காற்றுப் பட்டது என்று அர்த்தம். கலங்கலாக நுரைத்தால் இன்னும் புளிப்பு அடங்கவில்லை.

அடுத்து கோப்பையை மெல்லச் சுழற்றி முகர வேண்டும். பழ வாசனை முதலில் வர வேண்டும். காடி நெடி அடித்தால் அதைச் சமையலுக்கு ஒதுக்கிவிடுவார்கள். பிறகு ஒரு மடக்கு வாயில் வைத்து நாக்கு முழுவதும் படரவிட வேண்டும். இனிப்பு மட்டும் தெரிந்தால் அது சர்பத். இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு எழுந்து வாய் ஊறினால்தான் ஒயின். வெள்ளை ஒயினைக் குளிரவைத்துப் பரிமாறினால் அந்தப் புளிப்பு எடுப்பாகத் தெரியும். ஈரத்துணி சுற்றிய போத்தலும் மண்பானைத் தண்ணீரும் ஐஸ் பெட்டி இல்லாத வீட்டுக்குப் போதும்.

பொருத்தம் பார்த்தல்

ஜாதகப் பொருத்தம் போல இதற்கும் சில விதிகள் உண்டு. தேங்காய்ப்பால் சேர்ந்த மீன் மோளிக்கும், ஆப்பத்தோடு வரும் இஷ்டுவுக்கும் இனிப்புக் குறைந்த வெள்ளை ஒயின் பொருந்தும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் படிந்து நிற்கும். ஒயினின் புளிப்பு அதை வழித்துவிடும். ரசத்தை முடித்து மோருக்குப் போகும் நமக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல.

குடம்புளி போட்ட சிவந்த மீன் கறி தகராறு பிடித்தது. கறியின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட அதிகமானால் ஒயின் வெறும் தண்ணீராகத் தெரியும். மிளகாய்க் காரமோ மதுவின் எரிச்சலைக் கூட்டிக் காட்டும். எனவே காரமான கறிக்குச் சற்று இனித்த, போதை குறைந்த ஒயினே சரி. துவர்ப்புள்ள சிவப்பு ஒயினை மீனோடு சேர்த்தால் வாயில் இரும்பு வாடை தட்டும். மீன் உணவுக்கு வெள்ளை ஒயினைத் தேடக் காரணம் இதுதான்.

பிளம் கேக்குக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் கசக்கும். யூதர் வீட்டு உலர் திராட்சை ரசம் இங்கே ராஜா.

யூதர் பந்தியில் இன்னொரு நுட்பம் உண்டு. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது என்பது அவர்கள் சமய விதி. மாட்டுப்பாலுக்குத் தடை; தேங்காய்ப்பாலுக்குத் தடை இல்லை. எனவே கொச்சி யூதர்கள் கோழியையும் இறைச்சியையும் தேங்காய்ப்பாலில் சமைத்தார்கள். மேற்கத்திய நாட்டு யூதர் சமையலில் இல்லாத அந்த ருசி, இனிப்பான திராட்சை ரசத்தோடு இங்கே ஜோடி சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாசகர்கள் ஜாடியை இறக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரள அப்காரிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டு ஒயினும் விலக்கல்ல. 10 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை இதை நினைவூட்டி எச்சரித்தபோது பல வீடுகள் திடுக்கிட்டன. மாதா கோவில்களில் பூசைக்குரிய ஒயினுக்குத் தனி உரிமம் உண்டு. 23 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கவும் கூடாது. பழைய சிநேகிதர் கொடுத்தார் என்று போத்தலைப் பையில் செருகிக்கொண்டு ஊருக்கு ரயிலேறுவதும் வம்பை விலைக்கு வாங்குவதே.

2022-ல் கேரள அரசு ஒரு கதவைத் திறந்தது. தானியம் தவிர்த்த பழங்களிலிருந்தும் விளைபொருள்களிலிருந்தும் ஒயின் செய்யும் சிற்றாலைகளுக்கு உரிமம் வழங்க விதிகள் வந்தன. விலை விழுந்த நாளில் அன்னாசியையும் முந்திரிப் பழத்தையும் குப்பையில் கொட்டும் விவசாயிக்கு இது ஒரு பிடிமானம். குடும்பமாகச் செய்த தொழில் இனி ஒளிவுமறைவின்றி நடக்க வழி உண்டு.

ஆள் குறைந்த தெரு

கிறிஸ்துமஸ் ஒயினுக்கு இப்படி ஒரு வழி பிறந்திருக்கிறது. யூதர் தெருவின் ரசத்துக்கு அந்த வழியும் இல்லை. 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதன் 400-ஆம் ஆண்டு விழாவுக்கு 1968-ல் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். ஆனால் 1948-ல் இஸ்ரேல் உருவானபின் கேரள யூதர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறிவிட்டார்கள். முழு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். உள்ளூரில் அந்தப் பத்தும் தேறாமல் போயிற்று. பரதேசி யூதர்களில் மட்டாஞ்சேரியில் எஞ்சியிருந்த கடைசிப் பெண்மணி 2024 ஆகஸ்டில் காலமானார். குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பலவும் இன்று பழம்பொருள் கடைகள்.

மட்டாஞ்சேரியின் இன்னொரு ஜெபாலயமான கடவும்பாகத்தின் மர வேலைப்பாடுகளை 1991-ல் விலைக்கு வாங்கி, கப்பலில் கொண்டுபோய் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டார்கள். கட்டடத்தைக் கழற்றிக் கொண்டுபோக முடிந்தது. திராட்சை ரசத்தின் கதை அப்படி அல்ல. போன நாட்டில் கொடித் திராட்சை தாராளமாக விளைகிறது. சடங்குக்கு ஏற்ற ஒயின் கடையிலேயே கிடைக்கிறது. அங்கே உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிய வேண்டிய அவசியமே இல்லை. இங்கே அவசியம் இருந்தது. இப்போது பந்தியில் ஆள் இல்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம்மவர்களுக்கு இது அந்நியக் கதை அல்ல. வாடகை அறையில் ஸ்டவ் வைத்துப் பொங்கல் பொங்கும் நம் வீடுகளிலும், பாட்டி செய்த ஏதோ ஒரு பதார்த்தம் ஏற்கெனவே நின்று போயிருக்கும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரலாம். அளவை மட்டும் எழுதினால் போதாது. எந்த நாளில் செய்தார்கள், எதோடு பரிமாறினார்கள், யார் யார் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுதியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்தும் பார்த்துவிட வேண்டும்.